செயலாளரின் ஆண்டறிக்கை: பெடல் கயாக்கும் கெளுத்தித் தூண்டிலும்

நம் தூண்டில் சங்கத்தின் தலைவர், பொருளாளர், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதன் நகல் வாட்ஸ்அப்பில் வரும், படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

பெங்களூரு அல்சூரில் பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடும் பயிற்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மீன் முட்டையிடும் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் நாம் தூண்டில் போடவில்லை.

இவ்வாண்டின் பெரிய வேலை கெளுத்திக்கான மெதுவான ட்ரோலிங், அதாவது காலால் மிதித்து ஓட்டும் சிறு படகான பெடல் கயாக்கில் போனபடி இரையைப் பின்னால் இழுத்து மீன் பிடிப்பது. சென்ற கூட்டத்தில் சிலர் இதை வீண் செலவு என்றார்கள். ஆகவே விவரமாகவே பதிகிறேன். தென் கரோலினாவின் சான்டீ கூப்பர் ஏரிகளின் பெயரால் வழங்கும் இரைக்கட்டுதான் நமக்கும். பிரெய்டு என்னும் பின்னல் தூண்டில் நரம்பில் 40 கிராம் ஈயக்குண்டு தாராளமாக ஓடும்படி கோர்த்து, ஸ்விவல் (சுழலும் இணைப்பு வளையம்) கட்டி, அதற்கப்பால் 60 செ.மீ. தங்கூஸ் (நைலான் நரம்பு). தூண்டில் முள்ளுக்கு ஒரு சாண் முன்னால் சிறு தக்கை. ஈயம் தரையில் உரச, இரை சேற்றுக்கு மேல் மிதந்து வரும். தக்கை இல்லாவிட்டால் குப்பையைத்தான் இழுப்போம். கோழி ஈரல் இழுவையில் கழன்றுவிடும். ரஸ்ஸல் மார்க்கெட் மத்தியைத் துண்டு போட்டு முந்தின இரவே உப்பில் புரட்டினால் சதை இறுகும். துண்டின் ஓரத்தில் மட்டும் முள்ளைக் குத்தவும். நடுவில் குத்தினால் இரை சுழன்று நரம்பு முறுக்கிக்கொள்ளும்.

வேகம் மணிக்கு 1 கி.மீ. அளவில் இருக்கட்டும், ஃபோனில் ஜிபிஎஸ் பார்த்தால் போதும். விடாமல் மிதித்தால் ஈயம் தரையை விட்டு எழும்பும். இரண்டு மிதி, ஒரு நிறுத்தம். காற்றை எதிர்த்துப் போவதே நல்லது. பின்காற்றில் மிதிக்காமலேயே வேகம் மீறிவிடும். திரும்பும்போது வட்டம் பெரிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்பக்க நரம்பு தொய்ந்து வேரில் மாட்டும். திருப்பத்தில் வெளிப்பக்க இரை வேகமாக ஓடும்; அந்தக் கம்பில் மட்டும் கடி விழுந்தால், வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம்.

சர்க்கிள் ஹூக்கில் (நுனி உள்நோக்கி வளைந்த முள்) கம்பை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. நம்மவர்களுக்கு இந்தப் பழக்கம் போகவே மாட்டேன் என்கிறது. கம்பு முழுக்க வளையும்வரை மிதித்தபடி இருந்தால் முள் வாய் ஓரத்தில் தானே ஏறும். மீன் படகருகே வருமுன், மிதிகட்டையும் புரொப்பல்லரும் சேர்ந்த பெடல் டிரைவைத் தூக்கிவிடவும். தூக்காவிட்டால் நரம்பு புரொப்பல்லர் தண்டில் சுற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கும் அடைப்பை (சீல்) அறுக்கும். கெளுத்தியின் மார்புத் துடுப்பு முள் குத்தினால் அன்றைய தூண்டில் முடிந்தது. ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால் திரும்ப விடாதீர்கள். 2000-இல் மத்திய அரசு வளர்ப்பதற்குத் தடை விதித்த இனம் அது.

இனி, சொல்ல விரும்பாத விஷயம். சங்கக் கயாக்கின் புரொப்பல்லரில் ஷியர் பின் என்னும் சிறு ஊசி முறிந்த இடத்தில் ஓர் உறுப்பினர் இரும்பு ஆணியை அடித்திருக்கிறார். ஆகாயத்தாமரையில் புரொப்பல்லர் சிக்கும்போது முறிவதற்காகத்தான் அந்தப் பின் வைத்திருக்கிறது. ஆணி முறியவில்லை, உள்ளே பற்சக்கரத்தின் பல் போனது. உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்ததால் பல வாரம் படகு சும்மா கிடந்தது. புதுப் பின்கள் இருக்கைப் பையில் அப்போதும் இருந்தன. யார் என்று எழுதவில்லை. அவர் சந்தா பாக்கியும் வைத்திருக்கிறார் என்பதை மட்டும் பொருளாளர் உறுதி செய்வார்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. கையிருப்பு சொற்பம், ரசீதுகள் பொருளாளரிடம். படகை ஏற்றிச் செல்ல டாடா ஏஸ் கொடுத்த நண்பருக்கும், அனுமதிச் சீட்டு தந்த ஏரிக் குத்தகைதாரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு புரொப்பல்லருக்குப் பதில் மீன் துடுப்புபோல் அசையும் வகை டிரைவ் ஒன்று வாங்கினால் களையில் இத்தனை சிக்காது என்பது என் எண்ணம். அதற்குப் பணம் எங்கே என்று கேட்பவர்கள், பாக்கிப் பட்டியலில் தம் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளலாம். பட்டியல் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. படகுக் கொட்டகைச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வாங்கிக்கொள்ள யாராவது முன்வந்தால் இன்றே தருகிறேன்.

செயலாளர்