விரை பிறப்பது வயிற்றில்

அன்புள்ள கயல்,

அடுத்த வாரம் பச்சிளங்குழந்தைகள் வார்டில் உனக்குப் பணி. முதலாமாண்டில் கடனே என்று படித்த இனப்பெருக்க உறுப்புகளின் கருவியலை மறுபடி எடுத்துப் பார். அங்கே அது உன் விரல் நுனிக்கு வேண்டியிருக்கும்.

ஆறு வாரம் வரை எல்லாக் கருவும் ஒன்றுபோலத்தான். வயிற்றின் பின்சுவரில், சிறுநீரகப் பகுதியை ஒட்டி ஒரு மேடு. பக்கத்தில் இரண்டு சோடிக் குழாய்கள், உல்ஃபியனும் முல்லேரியனும். ஒய் குரோமோசோமின் எஸ்ஆர்ஒய் மரபணு இருந்தால் ஏழாம் வாரத்தில் மேடு விரையாகத் திரும்பும். விரை சுரக்கும் ஏஎம்எச் என்ற ஹார்மோன், கருப்பையாக வேண்டிய முல்லேரியனைக் கரைக்கும். விரையின் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் உல்ஃபியனைக் காப்பாற்றி விந்துக்குழாயாக்கும். இவை இரு தனி வேலைகள் என்று 1940களில் முயல் கருக்களில் காட்டியவர் பிரெஞ்சு விஞ்ஞானி ஆல்ஃபிரட் ஜோஸ்ட். பெண் கருவில் டெஸ்டோஸ்டிரோன் படிகம் வைத்தார். உல்ஃபியன் தங்கியது, முல்லேரியனோ கரையவில்லை.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் தெரியுமா? வெளியுறுப்பின் மடிப்புகளுக்கு ஆண் ஹார்மோன் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. 21-ஹைட்ராக்சிலேஸ் நொதி குறைந்த பெண் கருவில், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியே அதைச் சுரந்துவிடும். உள்ளே இருப்பது சினைப்பை, ஏஎம்எச் இல்லாததால் கருப்பையும் சரியாக இருக்கும். வெளியே மட்டும் ஆண்போலத் தெரியும். ஆகவே ‘பையன்’ என்று எழுதும் முன் இரு விரையும் கைக்குத் தட்டுப்பட வேண்டும். கையைச் சூடாக்கிக்கொள். இடுப்பெலும்பின் முனையிலிருந்து தொடையிடுக்கு வழியாக விரைப்பை வரை விரலால் வழித்து வா. இரு பக்கமும் வெறுமையென்றால் சோடியம், பொட்டாசியம், குரோமோசோம், வயிற்று ஸ்கேன். பிறந்து 48 மணி நேரம் கழிந்ததும் 17-ஓஎச்பி, அந்த நொதி குறைந்தால் ரத்தத்தில் ஏறும் பொருள். அதற்கு முன் எடுத்தால் நலமான குழந்தைக்கும் கூடுதலாகக் காட்டும். இந்த நொதிக் குறைவைத் தவறவிட்டால் இரண்டாம் வாரத்தில் வாந்தி, எடை இறக்கம், சோடியம் சரிந்து பொட்டாசியம் ஏறும், உயிருக்கே ஆபத்து. முடிவு வரும்வரை பெற்றோரிடம் ஆண், பெண் இரண்டையும் சொல்லாதே. ‘பாப்பா’ என்றே பேசு. நம் மொழியில் அப்படியொரு சொல் இருப்பது நல்லதாயிற்று.

வயிற்றில் பிறந்த விரை ஒரு பக்கம் மட்டும் விரைப்பைக்கு இறங்காதது வேறு விஷயம். நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இருக்கும், குறைமாதத்தில் இன்னும் கூடுதல். ஆறு மாதம் வரை காத்திரு. அதன்பின் தானாக இறங்குவது அரிது. ஒன்றரை வயதுக்குள் அறுவை முடிய வேண்டும். தள்ளிப்போட்டால் விந்தணு தரும் செல்கள் அழியும், பின்னாளில் புற்றுநோய் வாய்ப்பும் ஏறும். இறங்காத விரையோடு சிறுநீர்த்துளையும் ஆண்குறியின் கீழ்ப்பக்கம் இருந்தால் குரோமோசோம் பார்த்தே ஆக வேண்டும். அந்தக் குழந்தைக்குச் சுன்னத் வேண்டாம் என்று வீட்டாரிடம் அன்றே சொல். துளையைச் சரிசெய்ய அந்த முன்தோல் தேவைப்படும்.

பெண் குழந்தைக்கு முல்லேரியன் குழாய் உல்ஃபியனைப் பிடித்துக்கொண்டுதான் கீழே வளரும். சிறுநீரகத்தின் மொட்டும் உல்ஃபியனிலிருந்தே கிளம்புகிறது. அதனால் கருப்பையில் ஒரு பாதி இல்லையென்று ஸ்கேன் சொன்னால், அந்தப் பக்கத்துச் சிறுநீரகம் இருக்கிறதா என்று உடனே பார்க்கச் சொல்.

பிறகு அவசரப் பிரிவுக்குப் போவாய். விரை கீழே இறங்கினாலும் அதன் ரத்தக்குழாயும் நரம்பும் பிறந்த இடத்திலிருந்தே வரும். அதனால் விரை முறுக்கிக்கொண்ட பையன் சிலசமயம் ‘தொப்புள் பக்கம் வலிக்குது’ என்றுதான் சொல்வான், கூச்சத்தில் மற்றதை மறைப்பான். வயிற்றை மட்டும் அமுக்கிப் பார்த்து அனுப்பிவிடாதே. கால்சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார். முறுக்கை அவிழ்க்க ஆறு மணி நேரம்தான் இருக்கிறது, அதுவும் வலி தொடங்கியதிலிருந்து.

அன்புடன்,
அம்மா