எத்தனை பேருக்கு மாவு பிசைய?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாம்தான். நான் போனை எடுத்தாலே அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

சின்னவன் போன மாதம் "பாட்டி, உங்களுக்கு ஸ்னிக்கர்டூடில் செய்யத் தெரியுமா" என்று கேட்டானே, பட்டைப் பொடியிலும் சர்க்கரையிலும் புரட்டிச் சுடுகிற அமெரிக்க பிஸ்கட்தானே என்று, தெரியும் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் நீ அனுப்பிய குறிப்பைப் பார்த்தால் பாதி புரியவில்லை. வெண்ணெய் இரண்டு ஸ்டிக்காம். இங்கே யார் வெண்ணெயைக் குச்சிக் கணக்கில் விற்கிறார்கள்? ஒரு ஸ்டிக் 113 கிராம் என்று மாடி வீட்டு கெமிஸ்ட்ரி டீச்சர்தான் சொன்னார். சூடு 400 என்று எழுதியிருக்கிறாய், நம் ஓடிஜி கரண்ட் அடுப்பின் திருகு 250-லேயே நின்றுவிடுகிறது. அது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 200 என்று அதையும் அவரே சொன்னார். அம்மா எந்த ஊரில் இருக்கிறாள் என்று யோசித்து எழுத வேண்டாமா? சரி, வேலை அவசரமாக இருந்திருக்கும். வேளைக்குச் சாப்பிடு.

அந்த கிரீம் ஆஃப் டார்ட்டருக்காகக் கீழமாசி வீதியில் நாலு கடை ஏறி இறங்கினேன். நாட்டு மருந்துக் கடையில்கூடக் கேட்டுப் பார்த்தேன். கிரீம் என்றதும் எல்லோரும் பாலாடை மாதிரி ஏதோ என்று நினைக்கிறார்கள். கடைசியில் கேக் சாமான் விற்கிற கடையில் கிடைத்தது, பார்த்தால் வெள்ளைப் பொடி. ஒயின் பீப்பாயின் உள்பக்கம் படிகிற உப்பாம். அப்பா கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை மட்டும் செய்யாதே என்றார். நம் புளியில் இருக்கும் புளிப்பும் அதே டார்டாரிக் அமிலம்தான் என்று டீச்சர் சொன்ன பிறகுதான் எனக்கு மனசு ஆறியது. அது கிடைக்கும் முன்னால் சோடாவை மட்டும் போட்டு ஒரு ஈடு செய்தேன். புளிப்பு சேராமல் சோடா சரியாக வேலை செய்யாதாம். சவுக்காரத்தைத் தின்ற மாதிரி இருந்தது. அப்பா மூன்று சாப்பிட்டார், பாவம்.

பட்டையிலும் ஏமாந்தேன். வீட்டில் இருந்த பிரியாணிப் பட்டையை மிக்சியில் அடித்தால் மணல் மாதிரி நிற்கிறது. அது கெட்டித் தோலாக ஒரே சுருளாக இருக்கும். சிலோன் பட்டை கையாலேயே நொறுங்குகிறது, பீடி மாதிரி சுருளுக்குள் சுருளாக இருக்கும். கெட்டிப் பட்டையில் கூமரின் என்கிற பொருள் அதிகமாம். நிறையச் சாப்பிட்டால் ஈரலுக்கு ஆகாது. நீ அங்கே வாங்குவது எது என்று பார். குழந்தை தினமும் தின்கிறான் என்கிறாயே.

இரண்டாவது ஈடு நன்றாக வந்தது. மேலே வெடித்து, உள்ளே மெத்தென்று. வேலைக்கும் போய், ஒற்றை ஆளாக நீ இதெல்லாம் செய்கிறாயே என்று பெருமையாகத்தான் இருந்தது. ஒற்றை ஆள் என்றா எழுதினேன்? எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும்.

ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் மூடியதும் வருவதாகச் சொன்னாய். டிக்கெட் மூன்றா, இரண்டா? மாவு அளக்கக் கேட்கிறேன். மாப்பிள்ளைக்கு முட்டை ஆகாதே, அவருக்குத் தனியாகச் செய்ய வேண்டும். எப்போது கேட்டாலும் ஆபீசில் இருக்கிறார் என்கிறாய். எங்களுக்குத் திங்கள் விடியும்போது உங்களுக்கு ஞாயிறு ராத்திரி. அந்த நேரத்தில் என்ன ஆபீஸ்? உங்கள் ஹாலில் மாட்டியிருந்த அவர் சைக்கிளையும் காணோம். இடத்தை அடைக்கிறது என்று அங்கே வந்திருந்தபோது நானே சொன்னேன், அதனால் கழற்றிவிட்டீர்களோ என்னவோ. வேளைக்குச் சாப்பிடு. தூங்கு.

2017 ஆடியில் நீ ஒரே ஒரு பையோடு வந்து நின்றாய். "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேம்மா" என்றாய். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாயே என்று பயம். பெரியம்மா வேறு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். எட்டாம் நாள் முறுக்கு சுட்டு, வத்தல் கட்டி, பெட்டியைத் தராசில் வைத்து 23 கிலோவுக்கு மேல் போகாமல் பார்த்துப் பார்த்து அடுக்கினேன். நீ கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பார்வை எனக்குப் புரியாமல் இல்லை பாப்பா. புரிந்துதான் அனுப்பினேன். அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது.

மேல் ரூமுக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். பரணில் இருந்த உன் புத்தகங்களையும் இறக்கி வைத்தாகிவிட்டது. திரும்புகிற தேதி போடாமலும் டிக்கெட் எடுக்கலாமாமே?

டார்ட்டர் வாங்கி வராதே, 100 கிராம் டப்பா அப்படியே இருக்கிறது. சின்னவனுக்குச் சர்க்கரை தூக்கலா, பட்டை தூக்கலா என்று கேட்டுச் சொல்.

அம்மா