தாத்தா விட்டுவைத்த பத்து வரிசை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். தாத்தாவைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் "நல்ல மனுஷர், எல்லோருக்கும் உதவுவார்" என்பதற்குமேல் சொல்லத் தெரியவில்லை என்று போனில் வருத்தப்பட்டாய். உன்மேல் தப்பில்லை கண்ணு. நீ ஹாஸ்டலுக்குப் போன சமயத்தில்தான் அவர் பட்டுப்புழு வளர்க்கும் மனையின் பொறுப்பை அப்பாவிடம் விட்டார். திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தாவைத்தான் நீ பார்த்திருக்கிறாய். அவர் தொழில் புரியாமல் அவர் செய்த உதவி புரியாது. அதனால் தொழிலைச் சொல்லியே எழுதுகிறேன்.

பாலக்கோடு பக்கம் பெரும்பாலும் தக்காளி, கரும்பு. அதற்கு நடுவில் தாத்தா 2 ஏக்கரில் புழுவுக்குத் தீனியாக மல்பெரி போட்டு மஞ்சள் பட்டுக்கூடு எடுத்தார். பிறகு வெண்கூட்டுக்கு மாறினார். ஒரு தாய்ப்பூச்சி இடுகிற முட்டைகள் ஒரு முட்டைத் தொகுதி, அதையே நாம் சுருக்கமாக ஒரு முட்டை என்போம். 100 முட்டைத் தொகுதி எடுத்தால் 40,000 புழுவுக்குக் குறையாது. எல்லாம் நன்றாக அமைந்தால் 60 முதல் 80 கிலோ வரை கூடு வரும். இளம்புழு மையத்திலிருந்து இரண்டு தோலுரிப்பு முடிந்த புழு வரும்போது அது தின்பது ஒன்றுமே இல்லை. நாலாவது தோலுரிப்பு தாண்டி ஐந்தாம் பருவம் தொடங்கினால்தான் அதன் பசி தெரியும். 100 முட்டைக்கு ஏறக்குறைய 1 டன் இலை வேண்டும். அதில் ஐந்தில் நாலு பங்குக்குமேல் அந்த ஏழெட்டு நாளில் போய்விடும்.

இலை குறைவதும் அப்போதுதான். போர் தண்ணீர் இறங்கிவிடும். இல்லையென்றால் பக்கத்துத் தக்காளிக்கு அடித்த மருந்து காற்றில் வந்து மல்பெரிமேல் படியும். ஐந்தாம் பருவத்தின் நாலாவது, ஐந்தாவது நாளில் புழு பட்டினி கிடந்தால் கூடு கட்டாமல் போகாது, கட்டும். ஆனால் கூடு மெலிந்து, அமுக்கினால் உள்ளே போகும். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் எடுப்பவர் ஒரு பிடி அள்ளிப் பார்த்ததுமே விலையை இறக்கிவிடுவார். அந்த நேரத்தில் காசு கொடுத்தாலும் இலை கிடைக்காது. ஊரில் எல்லோரும் ஒரே வாரத்தில் புழு எடுத்திருப்பார்கள், எல்லோர் வீட்டிலும் அதே பசி.

தாத்தா இதற்காகவே வடக்கு ஓரத்தில் பத்து வரிசை விட்டுவைப்பார். சும்மா வெட்டாமல் விடுவதில்லை. மற்ற இடத்தைக் கவாத்து செய்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் இதைக் கவாத்து செய்வார். ஒன்றாக வெட்டிவிட்டு மிச்சம் வைத்தால், தேவைப்படும்போது அடியிலை மஞ்சளாகி முற்றிப்போயிருக்கும், புழு வாய் வைக்காது. பின்தள்ளி வெட்டினால் எல்லோருக்கும் இலை தீரும் வாரத்தில் இது சரியான பதத்தில் நிற்கும். நம் மனைக்கு இலை போதாவிட்டால்? அதற்காகத்தான் அவர் எப்போதும் தோட்டம் தாங்குவதைவிட 25 முட்டை குறைத்தே எடுப்பார். அந்த 25 முட்டையின் வருமானத்தை ஒவ்வொரு முறையும் ஊருக்கு விட்டுக்கொடுத்தார். இதை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. உன் ஆயாதான் கணக்குப் போட்டுச் சொல்வார்கள்.

கொடுப்பதிலும் ஒழுங்கு உண்டு. வெயில் ஏறுமுன் வெட்டுவார். கட்டு கட்டி ஈரச்சாக்கு போர்த்தி அனுப்புவார். வாடின இலையைக் கொடுப்பதும் கொடுக்காததும் ஒன்றுதான். மழையில் நனைந்திருந்தால் உதறி, நிழலில் ஆறவிட்டுக் கொடுப்பார். பக்கத்து நிலத்தில் யாராவது மருந்தடித்தார்கள் என்று காதில் விழுந்தால், முதலில் நம் மனையிலேயே தனித்தட்டில் பத்துப் புழுவுக்கு அந்த இலையைப் போட்டு அடுத்த தீனி நேரம்வரை பார்ப்பார். தலையைத் தூக்கி ஆட்டினாலோ பச்சையாகக் கக்கினாலோ அந்த இலை யாருக்கும் கிடையாது.

பணம் வாங்கமாட்டார். ஒரே ஒரு நிபந்தனை: கூடு எடுத்த கையோடு மனையைக் கழுவி மருந்தடிக்க வேண்டும். பால்புழு நோய் வந்த வீட்டில் இதைச் செய்யாவிட்டால் அடுத்த முறையும் அதே நோய்தான். வீங்கின புழுவின் தோல் கிழிந்து பால்மாதிரி ஒழுகுகிறதே, அதில்தான் கிருமி இருக்கிறது. அது தட்டில், தரையில், ஆள் காலில் ஒட்டி அடுத்த வீட்டுக்கும் போகும். தனியாக இருக்கிற பெண்கள் வீட்டுக்குத் தாத்தாவே ஸ்பிரேயரைத் தோளில் மாட்டிக்கொண்டு போவார். 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர், 30 கிராம் நீற்றின சுண்ணாம்பு. பிரித்து நாளான பவுடராக இருந்தால் வீரியம் போயிருக்கும் என்று புதுப் பொட்டலத்தைக் கையோடு எடுத்துப்போவார். சுவர், தாங்கி, தரை, கதவின் பின்பக்கம், கூரையின் உள்பக்கம் என்று சொட்டச் சொட்ட நனைய வேண்டும். லேசாகத் தூவிவிட்டு வருவது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. அடித்து முடித்ததும் ஸ்பிரேயரை நல்ல தண்ணீரில் அலசிவிடுவார், இல்லாவிட்டால் பவுடர் உலோகத்தை அரித்துவிடும்.

கூடு எடுக்கிற நாளிலும் பொறுமை சொல்லிக்கொடுத்தது அவர்தான். புழுவைக் கூடு கட்டுகிற மூங்கில் தட்டியான சந்திரிகையில் ஏற்றி ஏழாம் நாள் எடுக்க வேண்டும். பணமுடையில் நாலாம் நாளே எடுப்பவர்கள் உண்டு. உள்ளே கூட்டுப்புழு தோல் இறுகாமல் நசுங்கி, கறை வெளியே வந்துவிடும். அப்படி அவசரப்படுகிறவர்களுக்குக் கைமாற்றாக ஏதாவது கொடுத்து மூன்று நாள் பொறுக்கச் சொல்வார். அங்காடிக்கு வண்டி பிடிக்கும்போது அஞ்சு கிலோ, பத்து கிலோ வைத்திருப்பவர்களுடையதையும் ஏற்றிக்கொள்வார். ஆனால் யாருடையதையும் யாருடையதோடும் கலக்கமாட்டார், ஒரு மட்டக்கூடு மொத்தக் குவியலின் விலையையும் இழுத்துவிடும். கறைக்கூடு, இரட்டைக்கூடு, ஊசி ஈ துளைத்த கூடு எல்லாவற்றையும் முன்னாடியே பொறுக்கவைத்துத் தளர்வாக மூட்டை கட்டுவார். அழுத்திக் கட்டினால் உள்ளே வெந்துபோகும்.

தம்பி தங்கைகளைக் கரையேற்றியது, உன் அத்தைகளைப் படிக்கவைத்தது எல்லாம் உனக்குத் தெரிந்ததே. தெரியாதது ஒன்று: ஏலப் பணத்தை வீட்டுக்கு வந்ததும் ஆயா கையில்தான் கொடுப்பார். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து தீனி போட்டது அவர்கள், கூட்டுக்குப் பாதிச் சொந்தம் அவர்கள் என்பார். எனக்கு அவர்மேல் இருந்த மரியாதையில் பாதி அதற்காகத்தான்.

பிள்ளைகளுக்கு நேரில் காட்ட வேண்டுமென்றால் பள்ளி லீவில் கூட்டி வா. புழு ஐந்தாம் பருவத்தில் இருக்கும்படி அப்பாவிடம் சொல்லி முட்டை எடுக்கச் சொல்கிறேன், தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு. பிள்ளைகளுக்குக் கொசு மருந்து தடவாதே. கொசுவர்த்தியும் சென்ட்டும் கொண்டுவர வேண்டாம், அந்த மருந்துக் காற்று பட்டாலே புழு செத்துவிடும். படுக்கக் கொசுவலை வாங்கி வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா