ஜெபத்தை நிறுத்தாதே, ஊசியையும் நிறுத்தாதே

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஃபோனில் பேசினால் பாதியை மறந்துவிடுவாய், அதனால்தான் எழுத்தில். காசிமேட்டுப் பிள்ளைக்கு ஜெபத்தில் சுகம் கிடைத்துவிட்டது, இனி இன்சுலின் வேண்டாம் என்று உங்கள் ஜெபக்குழுவில் ஒருவர் சொன்னதாகவும், வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் அவளைச் சாட்சி சொல்ல வைக்கப்போவதாகவும் சொன்னாய். இதைப் படித்ததும் முதல் வேலையாக அவள் அம்மாவைக் கூப்பிடு. ராத்திரி ஊசி போட்டாச்சா என்று கேள். மீதியை அப்புறம் படி.

அவளுக்கு இருப்பது பெரியவர்களுக்கு வருகிற சுகர் இல்லை, டைப் 1. இன்சுலின் சுரக்கிற செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிற நோய். ஊசி தொடங்கிச் சில வாரங்களில், மிஞ்சியிருக்கிற செல்கள் கொஞ்சம் தேறி மறுபடி சுரக்கும். பத்து யூனிட் போட்ட இடத்தில் நாலு போதும் என்று ஆகும். டாக்டர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள். சில மாதம் இருக்கும், சிலருக்கு ஒரு வருஷம்கூடப் போகும், பிறகு முடிந்துவிடும். ஜெபமே தெரியாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது வருகிறது. அவளுக்கு நோய் தெரிந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்றாய். நீங்கள் பார்த்தது அநேகமாக இதுதான். அளவைக் குறைப்பது டாக்டர் வேலை. அடியோடு நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள். இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை செல்லுக்குள் போகாது. உடம்பு கொழுப்பை எரிக்கும், அதில் கீட்டோன் என்கிற அமிலம் சேரும். தாகம், அடிக்கடி ஒண்ணுக்கு, வயிற்றுவலி, வாந்தி, மூச்சில் பழம் அழுகின வாடை, ஆழமாக இழுத்து இழுத்து மூச்சு, அப்புறம் நினைவு தப்பும். ஓரிரு நாளிலேயே இவ்வளவும் நடந்துவிடும். வாந்தி இருந்து குளுக்கோமீட்டரில் 300க்கு மேல் காட்டினால் ஜெபத்துக்கு ஆள் கூட்டிக்கொண்டிருக்காதே, 108ஐக் கூப்பிட்டு ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கோ போ. ஆம்புலன்சில் உட்கார்ந்தும் ஜெபிக்கலாம். அவளை உபவாசம் இருக்க வைப்பதும் கூடாது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சுகர் 70க்குக் கீழே விழும். கை நடுங்கி, வேர்த்து, பேச்சுக் குழறும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

கர்த்தர் சுகம் தருகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் அந்த வார்த்தையை இப்படிக் கண்டபடி செலவழிப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. செத்துப்போன பிறகு ஆண்டவர் எழுப்பின யவீருவின் மகளை நினைத்துப் பார். அவளுக்கும் பன்னிரண்டு வயதுதான். மாற்கு 5ஆம் அதிகாரத்தை இந்த முறை நிதானமாக வாசி. அழுது புலம்பின கூட்டத்தை ஆண்டவர் வெளியே அனுப்பினார். உள்ளே இருந்தது தாய், தகப்பன், மூன்று சீஷர்கள், அவ்வளவுதான். கையைப் பிடித்தார், இரண்டு வார்த்தை பேசினார். அவள் எழுந்ததும் இதை ஒருவருக்கும் சொல்லாதீர்கள் என்று உறுதியாகக் கட்டளையிட்டார். அடுத்தபடியாகச் சொன்னது என்ன? அவளுக்குச் சாப்பாடு கொடுங்கள் என்பது. மைக்கும் இல்லை, மேடையும் இல்லை. உயிரோடு எழுந்த பிள்ளைக்குக்கூடப் பசி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நீங்கள் ஜெபிக்கப் போகும்போதும் அப்படியே போங்கள். மூன்று பேருக்கு மேல் வேண்டாம். போனதும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தலையில் கை வைக்குமுன் அவளிடமே கேளுங்கள், அவள் சின்னப் பிள்ளையாக இருந்தாலும். தலையைப் பிடித்து உலுக்குவது, நெற்றியில் தள்ளுவது எதுவும் கூடாது. யாக்கோபு 5:14 சபையின் மூப்பரை அழைக்கச் சொல்கிறது, கர்த்தருடைய நாமத்தில் எண்ணெய் பூசச் சொல்கிறது. என்ன எண்ணெய் என்று அங்கே எழுதவில்லை. அந்த நாட்டில் ஒலிவ எண்ணெய், நம் வீட்டில் தேங்காயெண்ணெய் போதும். நெற்றியில் ஒரு துளி. புண்ணில், கண்ணில் விடாதே, குடிக்கக் கொடுக்காதே. இதற்கென்று பாட்டிலில் அடைத்து விற்கிற எண்ணெய்க்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. பத்து நிமிஷம் போதும். நோயாளி களைத்துப்போவார்.

இனி சாட்சி. லூக்கா 17இல் பத்துக் குஷ்டரோகிகளையும் போய் ஆசாரியனிடம் காட்டச் சொன்னார். லேவியராகமம் 14ஐப் பார்த்தால், ஆசாரியன் சோதித்துப் பார்த்த பிறகும் ஏழு நாள் கூடாரத்துக்கு வெளியே இருந்து, எட்டாம் நாள்தான் காணிக்கை. அந்தக் காலத்துப் பரிசோதனை அது.

பெரம்பூர் லூர்து மாதா கோவில் உனக்குத் தெரியும். பிரான்சில் இருக்கிற அசல் லூர்துக்கு 1858 முதல் ஜனங்கள் சுகம் தேடிப் போகிறார்கள். அங்கே 1883இலேயே டாக்டர்களை வைத்து ஒரு அலுவலகம் தொடங்கிவிட்டார்கள். 7,000க்கும் மேற்பட்டவர்கள் குணமானோம் என்று வந்திருக்கிறார்கள். அவர்களில் கத்தோலிக்க சபை 2018இல் அற்புதம் என்று அறிவித்தது எழுபதாவதுதான். அதுவும் 2008இல் குணமான ஒரு கன்னியாஸ்திரீ, பத்து வருஷம் சோதித்த பிறகு. நோய் கடுமையானதா, அதற்கு அத்தாட்சி உண்டா, தானாக ஆறக்கூடிய கட்டத்தில் இருந்ததா, மருந்தால் ஆனதா, சட்டென்று முழுசாகக் குணமானதா, திரும்ப வரவில்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் லம்பெர்த்தினி என்கிற கர்தினால் எழுதிவைத்த கேள்விகள். அவர்தான் பின்னால் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் ஆனார். நாம் சிஎஸ்ஐ, மாதா வணக்கத்தில் நமக்கு வேறு கருத்து. ஆனால் இந்தப் பொறுமையை அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

அவள் விஷயத்தில் ஒரே ஒரு இரவு சுகர் அளவை வைத்துப் பேசாதீர்கள். ஹெச்பிஏ1சி பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரியும். சி-பெப்டைடு என்று இன்னொரு ரத்தப் பரிசோதனை உண்டு, கணையம் சொந்தமாக எவ்வளவு சுரக்கிறது என்று காட்டும். சுகம் உண்மையானால் டெஸ்டுக்கு ஏன் பயப்பட வேண்டும்? டிபிக்காரர்களும் இதில்தான் தவறுவார்கள். மாத்திரை தொடங்கி மூன்று வாரத்தில் இருமல் அடங்கும், எடை கூடும், சுகம் என்று சாட்சி சொல்லி நிறுத்திவிடுவார்கள். ஆறு மாதம் முடிக்காவிட்டால் மிஞ்சின கிருமி அந்த மருந்துக்கே அடங்காததாக மாறித் திரும்பலாம். சுகமளிக்கும் கூட்டங்களில் காட்டுகிற, குட்டைக் கால் நீளமாகிற அற்புதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உட்காரும்போது இடுப்பு சாய்ந்தால் ஒரு கால் நீளமாகத் தெரியும். செருப்பின் குதியை லேசாக இழுத்தாலும் போதும்.

அவள் சுகர் மறுபடி ஏறினால், விசுவாசம் குறைவு என்று யாரும் அவளிடம் சொல்லிவிடாமல் நீ பக்கத்தில் இரு. மாற்கு 2இல் திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த நாலு பேருடைய விசுவாசத்தைத்தானே ஆண்டவர் பார்த்தார். பவுல் தன்னோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்தார், தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சொன்னார். கூடவே நடந்த லூக்காவோ வைத்தியன். உங்கள் பக்கத்து ரெய்னி ஆஸ்பத்திரியும் மிஷனரிகள் தொடங்கியதுதான்.

அவள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை என்றாய். பெரிய மண்பானையில் ஆற்று மணலை நனைத்துப் பரப்பி, நடுவில் சின்னப் பானையை வை. இன்சுலினை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உள்ளே வைத்து மூடு. மணல் காயாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கச் சொல். வெயில் படாத மூலையாக இருக்கட்டும். ஐஸ்பெட்டியில் மட்டும் போட்டுவிடக் கூடாது, உறைந்த மருந்து வேலை செய்யாது. இரண்டு பானையும் வாங்கிக்கொண்டு வியாழக்கிழமையே போய் வை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அம்மா