பேரணி வேண்டாம், ஊர்வலம் போவோம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் அனுப்பிய சுற்றறிக்கையில் 'புத்தகப் பேரணி' என்று போட்டிருந்தேன். மறுநாளே நான்கைந்து பேர் கூப்பிட்டு, "எந்தக் கட்சி சார்?" என்று கேட்டுவிட்டீர்கள். தப்பு என்னுடையதுதான். பேரணி என்றால் பெரிய அணி, அவ்வளவே. ஆனாலும் காதில் விழுந்ததும் கொடியும் கோஷமும் கண்முன் வந்துவிடுகின்றன. நம் நூலகத்துக்கு வந்திருக்கும் புதிய புத்தகங்களைப் பிள்ளைகள் கையில் ஏந்தித் தெருவைச் சுற்றி வரப்போகிறார்கள். சரி, இதை 'ஊர்வலம்' என்றே வைத்துக்கொள்வோம்.

அதற்கும் ஒரு பாட்டி முகம் சுளித்தார். "ஊர்வலம்னா இறுதி ஊர்வலம்தான் ஞாபகம் வருது." அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஊரை வலம் வருவது ஊர்வலம். கோயில் பிராகாரத்தைச் சுற்றும்போது சந்நிதி நம் வலக்கைப் பக்கம் இருக்கிறதே, அந்த வலம்தான் இது. கிரிவலத்தில் மலை, ஊர்வலத்தில் ஊர். பழந்தமிழில் 'வலம்' என்பதற்கு வெற்றி என்றும் பொருள் உண்டு. சுற்றி வருவது என்றால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியாக வேண்டும். மதுரையில் சித்திரைத் தேர் மாசி வீதிகளைச் சுற்றி நிலைக்கு வந்த பிறகுதான் தேரோட்டம் முடிந்தது என்பார்கள். இறுதிப் பயணத்தில் போனவர் திரும்புவதில்லை. அதையும் ஊர்வலம் என்பது சொல் கொஞ்சம் இளகிய பிறகு வந்த வழக்கு. பாட்டி சமாதானமாகிவிட்டார்.

நாகூரில் சந்தனக்கூடு ஊர்வலம், வேளாங்கண்ணியில் தேர்ப்பவனி. 'புத்தகப் பவனி' என்று பெயர் வைத்தால் என்ன என்று தமிழாசிரியை கேட்டார். பொருத்தம்தான், ஆனால் அழைப்பிதழ் வாசனை அடிக்கிறது என்று ஏழாம் வகுப்பு தள்ளிவிட்டது. 'உலா' என்ற யோசனையை நானே தள்ளினேன். ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்கள் மேல் பாடிய உலாக்களில் அரசன் வீதியில் வருவான், பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் அவனைக் கண்டு மயங்குவார்கள். பள்ளிக்கூடத்துக்கு அது ஒத்துவராது!

இந்த யோசனைகளுக்கு நடுவே, நாங்கள் போட்டிருந்த வழியே தவறு என்று தெரிந்தது. கடைத்தெரு வரை நேராகப் போய், அங்கிருந்து வேனில் திரும்புவதாக இருந்தோம். அது ஊர்வலமே இல்லை. இப்போது பள்ளியைச் சுற்றியுள்ள நான்கு தெருக்களிலும் பள்ளி வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடந்து, கிளம்பிய வாசலுக்கே வருகிறோம். இதில் எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு: சாலையின் வலது ஓரமாகவே நடந்தால் நான்கு முனைகளிலும் வலப்பக்கமாகத் திரும்பினால் போதும், பிள்ளைகள் ஓரிடத்திலும் சாலையைக் கடக்க வேண்டியதில்லை. வண்டிகளும் முதுகுக்குப் பின்னால் வராமல் எதிரே வரும். முன்னோர்கள் போக்குவரத்தை நினைத்து வலம் வந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நமக்கு உதவுகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒன்று. பதாகை எழுதிய பிள்ளைகளில் பாதிப் பேர் 'ஊர்வளம்' என்று எழுதியிருந்தார்கள். அது ஊரின் செழிப்பு. இன்னொருவன், எறும்பு ஊர்வதுபோல மெதுவாகப் போவதால்தான் 'ஊர்'வலமா என்று கேட்டான். இல்லை என்றாலும், வேகத்தைப் பற்றி அவன் சொன்னது சரிதான்.

வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்குக் கிளம்புகிறோம். தண்ணீர் பாட்டிலும், நடந்து பழகிய செருப்பும் போதும். கூட நடக்க விரும்பும் பெற்றோர்கள் 8.45-க்கு வாசலுக்கு வந்துவிடுங்கள். பாட்டியும் வருகிறாராம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்