7.074-இல் இருக்கும் அண்ணாச்சிக்கு

அன்புள்ள அண்ணாச்சி,

வியாழக்கிழமை காலை அமெச்சூர் ரேடியோவின் நாற்பது மீட்டர் அலைவரிசையில், 7.074 மெகாஹெர்ட்ஸில், ‘யாராவது இருக்கிறீர்களா’ என்ற உங்கள் சி.க்யூ. அழைப்புக்குப் பதில் போட்டது நான்தான். யாரோ என் அழைப்புக்குறியைத் திருடிவிட்டான் என்று மதினியிடம் சொன்னீர்களாம். யாரும் திருடவில்லை. மென்பொருளை நிறுவி, தம்பி மகனைக் கெஞ்சிக் கேபிளைச் சரிபண்ணி, கணினிக் கடிகாரத்தை நொடி பிசகாமல் நிறுத்தி, கடைசியில் நானும் எஃப்.டி.8-க்கு, குரலே இல்லாமல் கணினிகள் எழுத்தில் பேசிக்கொள்ளும் அந்த முறைக்கு, வந்து சேர்ந்துவிட்டேன். சிக்னல் வலுவுக்கு நீங்கள் எனக்கு மைனஸ் 9 கொடுத்தீர்கள். நான் உங்களுக்கு மைனஸ் 14. பிறகு ‘கிடைத்தது, வாழ்த்துகள்’ என்கிற ஆர்.ஆர்.73. ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அதில் நம் இஷ்டத்துக்கு எழுத ஒரு பெட்டி இருக்கிறது அல்லவா, இடைவெளியும் சேர்த்து 13 எழுத்து? ஆங்கில எழுத்தில் ‘ஸாரி அண்ணாச்சி’ என்று அடித்தால் சரியாகப் பதின்மூன்று வருகிறது. அடித்தும் வைத்தேன். அனுப்பவில்லை. அந்த நேரத்தில் 7.074-ஐத் திறந்து வைத்திருக்கிற அத்தனை பேர் திரையிலும் அது ஓடும் என்பது ஒரு காரணம். ஸாரி சொல்ல வேண்டியவர் யார் என்பதில் எனக்கு இன்னும் வழக்கு தீரவில்லை என்பது இன்னொன்று. இதை மட்டும் ஊர் படிக்காதா என்பீர்கள். படிக்கட்டும். இங்கே இடமாவது இருக்கிறது.

உங்கள் குறியையும் என் குறியையும் எழுதாமல் விடுகிறேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

டிசம்பர் வந்தால் எனக்குச் சிறுமலைதான் ஞாபகம் வருகிறது. 2014. அந்த முறை போனதைப் பற்றி நீங்கள் எல்லோரிடமும் ஆன்டெனாவை மட்டும்தான் சொல்வீர்கள், டைபோலின் ஒரு முனையைச் சில்வர் ஓக்கில் கட்டியதும் மறுமுனையைக் கட்ட நான் மரமேறி வழுக்கியதும். எனக்கு ஞாபகம் இருப்பது உங்கள் மஃப்ளர். பிட்எக்ஸ் என்கிற வானொலி செட்டை நீங்களே பலகையில் கட்டியிருந்தீர்கள். குழாய் வாஷர்மேல் சுற்றிய காயில், கடையில் கழற்றிப் போட்ட டி.வி.யிலிருந்து எடுத்த டிரான்சிஸ்டர்கள், கடைசிக் கட்டத்தில் ஒற்றை ஐ.ஆர்.எஃப்.510. மலைக் குளிரில், அலைவரிசையைப் பிடித்து நிறுத்த வேண்டிய வி.எஃப்.ஓ. நகர ஆரம்பித்தது. கழுத்தில் இருந்த மஃப்ளரை அவிழ்த்து அது இருந்த தகர டப்பாவுக்குச் சுற்றிவிட்டீர்கள். நீங்கள் நடுங்கினீர்கள், அது கொஞ்சம் நின்றது.

இரவு எட்டு மணி வாக்கில் இருபது மீட்டரில் அந்த இத்தாலிக்காரர். ஐரோப்பாவே அவர்மேல் விழுந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தது. விடுங்கள் அண்ணாச்சி, இந்தக் கூட்டத்தில் நம் ஐந்து வாட் எங்கே என்றேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. எல்லோரும் ஒன்றாகக் கத்தி ஓய்கிற அந்த அரை நொடிக்குக் காத்திருந்து, உங்கள் குறியை நிதானமாக, கடையில் ரசீது எண் வாசிக்கிற குரலில் சொன்னீர்கள். மறுபடி கூட்டம். மறுபடி அரை நொடி. திடீரென்று அவர், “விக்டர் யூனிஃபார்ம் மட்டும்! மற்றவர்கள் நிறுத்துங்கள்” என்றார்.

வி.யூ. என்றால் இந்தியக் குறியின் தொடக்கம். நிறுத்தினார்கள். கிலோவாட் வைத்திருந்தவனும் நிறுத்தினான். ஒருவன் மட்டும் நடுவில் வாயைத் திறந்தான். அவனை இத்தாலிக்காரர் பள்ளிக்கூட வாத்தியார் போல அதட்டினார். பெயர் கேட்டார், நீங்கள் எழுத்து எழுத்தாகச் சொன்னீர்கள், பாதியில் அலை தணிந்தது, அவர் மறுபடி கேட்டார். நம் செட் நகர நகர அவரும் பின்னாலேயே வந்தார். நம் குரல் அவர் காதில் வாத்து கத்துவது போலக் கேட்டிருக்கும். சலித்துக்கொள்ளவே இல்லை. என்ன பவர் என்றார். ஐந்து என்றீர்கள். “ஐம்பதா?” “ஐந்து.” சற்று நேரம் வெறும் இரைச்சல். பிறகு அவர் அந்த வரிசை முழுவதற்கும் சொன்னார், இந்தியாவில் ஒரு மலைமேல் ஐந்து வாட், கையால் கட்டிய செட் என்று. முடித்துவிட்டு நீங்கள் மைக்கை என்னிடம் கொடுத்து, “இப்போது நீ கூப்பிடு” என்றீர்கள்.

5 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள தூரம் 13 டெசிபெல், சிக்னல் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரில் இரண்டு கோடும் கொசுறும் என்று ரசீதின் பின்பக்கத்தில் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் நீங்கள். அந்த இரண்டு கோட்டை மறுமுனையில் இருக்கிறவனின் காது நிரப்பும் என்பதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். கணக்கு எங்கள் ஊர்க் கல்லூரியிலும் கிடைத்திருக்கும். இரண்டாவது கிடைத்திருக்காது. க்யூ.ஆர்.பி.யில், அதாவது குறைந்த பவரில், குரலோடு போகிறவன் முன்பின் தெரியாத ஒருவனின் பொறுமையை நம்பிப் போகிறான். அந்த ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் நான் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறேன் அண்ணாச்சி.

எஃப்.டி.8-இல் யாரும் யாருக்காகவும் வாயை மூட வேண்டியதில்லை. ஒரு குரல் அடைத்துக்கொள்கிற இடத்தில் ஏறக்குறைய ஐம்பது பேர் தலைக்கு ஐம்பது ஹெர்ட்ஸில் நிற்கலாம். 12.64 நொடி அனுப்பு, மீதியில் மூச்சு விடு, அடுத்த பதினைந்து நொடி கேள். இரைச்சலுக்கு 20 டெசிபெல் கீழே கிடக்கிற சிக்னலையும் பொறுக்கி எடுத்துத் திரையில் வைக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எழுதிய இருவரில் ஒருவரான ஜோ டெய்லர் 1993-இல் பல்சருக்காக இயற்பியல் நோபல் வாங்கியவர் என்று நீங்கள் என் வாயை அடைத்தது நினைவிருக்கிறது. “விண்மீனின் முனகலைக் கேட்டவன்டா, உன் முனகலைக் கேட்க மாட்டானா?” என்றீர்கள். கேட்கிறார். வியாழக்கிழமை கேட்டுவிட்டார். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது உங்கள் காது.

‘காது’ என்ற அந்தச் சொல்லை எழுதலாமா என்று மதினியிடம் முன்பே கேட்டுக்கொண்டேன். எழுது, ஒரு வாரம் உன்னோடு பேச மாட்டார், அவ்வளவுதான் என்றார். ஏற்கெனவே பேசாதவருக்கு ஒரு வாரம் என்ன கணக்கு?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நெட்டில், வானலையில் எல்லோரும் முறைவைத்துப் பேசும் நம் கூட்டத்தில், என்ன சொல்லப்பட்டது என்பதை இங்கே எழுத மாட்டேன். சொன்னவரும் இதைப் படிப்பார். அவரும் பெரியவர்தான், வேடிக்கைக்குச் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் மூன்றாம் முறை “மறுபடி சொல்லுங்கள்” என்றீர்கள், அவர் அதைச் சொன்னார், சிலர் சிரித்தார்கள். நான் அடுத்த நிலையத்தைக் கூப்பிட்டேன். நெட்டைக் கட்டுப்படுத்த உட்கார்ந்திருக்கிறவன் வேறென்ன செய்ய முடியும்? பதிவு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இருந்தார்கள், வெயில் ஏற ஏற அலைவரிசை மங்கிக்கொண்டிருந்தது, சண்டையை ஒலிபரப்பவா நமக்கு உரிமம் கொடுத்திருக்கிறார்கள்? இத்தாலிக்காரர் என்ன செய்தார் தெரியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்காதீர்கள். அது என் காதில் தினமும் கேட்கிறது.

ஆனால் ஒன்று. உங்களுக்கு உயர்ந்த சுருதிகள் கேட்கவில்லை, குரல் அனுப்பும் எஸ்.எஸ்.பி. முறையில் வடிகட்டி போட்ட பிறகு மிஞ்சுகிற ச, த, ப எல்லாம் உங்களுக்கு ஒரே சத்தமாகிவிட்டன என்பதை நான் எப்படித் தெரிந்துகொள்வது? கடைக்கு வந்தேன். தலையை நிமிர்த்தாமல் ஒரு எலிமினேட்டரைப் பிரித்துக்கொண்டே, “டிஜிட்டலுக்குப் போகிறேன், வீட்டில் இரைச்சல் தாங்கவில்லை” என்றீர்கள். நம்பினேன். நம்பாமல் என்ன? எதிர்வீட்டு மாடியில் சூரிய மின் இன்வெர்ட்டர், தெருவெல்லாம் எல்.இ.டி., பகலில் எஸ் மீட்டர் ஏழுக்குக் கீழே இறங்குவதில்லை. ஊரில் பாதிப் பேர் அதே காரணத்தைத்தான் சொல்கிறார்கள். இரைச்சல் என்பது நீங்கள் சொன்ன பொய் என்று சொல்ல வரவில்லை. எந்த இரைச்சல் என்று சொல்லவில்லை. நான் மதினி வழியாக, கல்யாண வீட்டுப் பந்தியில், இலைக்கு முன்னால் உட்கார்ந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

போனவர் சும்மா போனீர்களா? சி.டி.யில் மென்பொருளைப் பதிந்து கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தீர்கள். 2017-இல் எஃப்.டி.8 வந்தபோது சூரியன் சோர்ந்து கிடந்தது, கரும்புள்ளியே இல்லாத நாள்களில் குரல் கடல் தாண்டவில்லை, பையன்கள் வேறென்ன செய்வார்கள் என்பது நியாயம்தான். நானும் அப்போது அப்படித்தான் சமாதானம் செய்துகொண்டேன். 2019 தாண்டியதும் சூரியன் எழுந்துவிட்டது. 2024-இல் உச்சத்துக்கும் வந்தது. பத்து மீட்டரில் இரண்டு வாட்டுக்கு ஜப்பான் பதில் சொல்லும் நாள்கள் அவை. போன ஆள்கள் வந்தார்களா? எஃப்.டி.8-இன் இடமான 28.074-இல் நெரிசல். அதற்கு மேலே, குரல் இருக்க வேண்டிய இடத்தில், நான் சி.க்யூ. சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். சூரியன்மேல் பழி போட இனி முடியாது. உங்கள்மேல் கொஞ்சம் போட்டுக்கொள்கிறேன்.

சுனாமியை வேறு நீங்கள்தானே எல்லா வகுப்பிலும் சொல்வீர்கள்? 2004 டிசம்பர் 26 காலை போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் அந்தமான் குறியோடு வானலையில் இருந்தார், பூமி ஆடியது, தொலைபேசி செத்தது, அவரும் அவர் குழுவும் மைக்கைப் பிடித்து உறவினர்களின் செய்திகளைக் கரைக்கு அனுப்பினார்கள். “பெயர், ஊர், உயிரோடு இருக்கிறார், இதைத் தட்டச்சில் கேட்டுப் பார், குரலில் கேட்டுப் பார்” என்று சொன்ன அதே மனிதர் இன்று எனக்கு மைனஸ் 9 கொடுக்கிறார்.

கோபம்தான். எழுதும்போதே தெரிகிறது. மதினி இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன் என்கிறார். வேண்டாம் மதினி, பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுங்கள்.

திரையில் உங்கள் குறி வந்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சிக்னல்கள் கோடுகளாக இறங்கும் வாட்டர்ஃபாலில் உங்கள் கோடு 1430 ஹெர்ட்ஸில் விழுந்தது. நீலத்தில் மெல்லிய மஞ்சள். பக்கத்துக் கோடுகள் பட்டையாக, விளிம்பு கலங்கி, ஆடியோவை முறுக்கி வைத்தவர்களுடையவை. உங்களுடையது மட்டும் ஊசி போல் இருந்தது. பவரையும் குறைத்துத்தான் வைத்திருக்கிறீர்கள், பார்த்தாலே தெரிந்தது. மென்பொருளுக்குள்ளும் சாலிடரிங் சுத்தமாக இருக்கிறது அண்ணாச்சி. தம்பி மகன் ஏன் சிரிக்கிறீர்கள் சித்தப்பா என்றான்.

எனவே என் முடிவைச் சொல்கிறேன். வருகிற மாதத்திலிருந்து காலை நெட்டைக் கட்டுப்படுத்தும் வேலையை விடுகிறேன். குழுவுக்குச் சொல்லியாகிவிட்டது, காரணம் சொல்லவில்லை. அன்று நெட்டில் அதைச் சொன்னவரோடு எனக்குச் சண்டை இல்லை, அவரும் யோசித்துப் பார்க்க வேண்டாம். எஃப்.டி.8-இலும் நான் நிலைக்க மாட்டேன். கணினிகள் இரண்டும் பேசி முடிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார என்னால் முடியாது.

காது டாக்டரிடம் உங்களோடு மதினிதான் போனார். தாழ்ந்த சுருதிகள் உங்களுக்கு இன்னும் நன்றாகக் கேட்கின்றன என்று டாக்டர் சொன்னாராம். சி.டபிள்யூ.வில், அதாவது மோர்ஸ் தந்தியில், தொனியை 450 ஹெர்ட்ஸில் வைத்தால் உங்களுக்குக் கேட்கும். ச, த குழப்பமே இல்லை, இருக்கிறதும் இல்லாததும்தான். இது உங்களுக்குத் தோன்றாமல் இருந்திருக்காது. தோன்றியும் என்னிடம் சொல்லாததற்குக் காரணம், உரிமத்துக்கான ஜெனரல் கிரேடு தேர்வில் நிமிடத்துக்கு 8 சொல் தட்டித் தேறியதும் நான் மோர்ஸ் கீயைப் பீரோவில் வைத்துப் பூட்டியவன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பீரோவைத் திறந்தாகிவிட்டது. கீயின் ஸ்பிரிங்கில் துரு. எண்ணெய் போட்டிருக்கிறேன்.

நெட்டை விட்டபின் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, அது தொடங்கும் நேரத்தில், 7.030. ஐந்து வாட். ஒன்பது மணிவரை கூப்பிடுவேன். வேகத்தைக் குறைத்து அனுப்புங்கள். கே-யும் ஆர்-உம் எனக்கு இன்னும் மாறி மாறி விழுகின்றன. எத்தனை முறை திருப்பிக் கேட்டாலும் அனுப்ப வேண்டும்.