எக்கோவை இரண்டாகப் பிரிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உம்பர்ட்டோ எக்கோவைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். இத்தாலிய எழுத்தாளர் ஒருவருக்கு இத்தனை பக்கங்களை ஒதுக்கியமைக்கு முதலில் என் நன்றி. ஆனால் முதல் நாவல் வெளிவந்த 1980க்கு முந்தைய எக்கோ ஒரு வறண்ட கோட்பாட்டாளர் என்றும், பிந்தைய எக்கோ தம் படிப்பையெல்லாம் கதைக்குள் கொட்டிக் காட்டிய துப்பறியும் கதாசிரியர் என்றும் அவரை இரண்டு கூறாக்கிக் கட்டுரையாளர் தீர்ப்பு வழங்கியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பிரதிக்கு, அதாவது எழுதப்பட்ட ஒன்றுக்கு, எத்தனை விதமாகப் பொருள் கொள்ளலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற ஒரே கேள்வியைத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் ஆய்விலும் புனைவிலும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது என் கருத்து.

1932இல் அலெசாந்திரியா நகரில் பிறந்த எக்கோ, தூரின் பல்கலைக்கழகத்தில் 1954இல் அளித்த ஆய்வேடு இடைக்காலக் கிறித்தவ மெய்யியலாளர் தாமஸ் அக்குவினாஸின் அழகியலைப் பற்றியது. ஆகவே நாவலுக்காக அவர் இடைக்காலத்தைப் புதிதாகத் தேடிப் போகவில்லை. இருபது வயதிலேயே அதற்குள் குடிபுகுந்துவிட்டவர். 1962இல் வந்த 'திறந்த படைப்பு' என்ற ஆய்வு நூல், ஐரிஷ் நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸின் எழுத்தையும் அக்காலப் புதிய இசையையும் முன்வைத்து, படைப்பை முழுமையாக்குவதில் அதைப் பெறுபவருக்கும் பங்குண்டு என்று வாதிட்டது. சொற்களும் பிற குறிகளும் எப்படிப் பொருள் தருகின்றன என்று ஆராயும் துறையான குறியியலைப் பற்றி 1975இல் வெளியான பெருநூலில், பொய் சொல்லப் பயன்படக்கூடிய அனைத்தையும் ஆராய்வதே குறியியல் என்று எழுதினார். அவருடைய நாவல்களில் பொய்யர்களும் போலி ஆவணம் தயாரிப்பவர்களும் ஏன் இத்தனை பேர் உலவுகிறார்கள் என்பதற்கு அந்த ஒரு வாக்கியமே போதுமான விளக்கம். வாசகரின் பங்கைப் பற்றிய நூல் 1979இல் வந்தது. அடுத்த ஆண்டே 'ரோஜாவின் பெயர்' நாவல் வந்தது.

அந்த நாவலின் தொடக்கத்தை நினைவூட்ட விரும்புகிறேன். 1327 நவம்பரில், பிரான்சிஸ்கன் துறவி வில்லியம் தம் இளம் சீடன் அட்சோவுடன் மலைமேல் உள்ள மடாலயத்தை நெருங்குகிறார். காணாமற்போன குதிரையைத் தேடி எதிரே வருகிறவர்களிடம், அதைப் பார்க்காமலே, அது எந்த வழியில் போனது, எவ்வளவு உயரம், பெயர் என்ன என்று சொல்லிவிடுகிறார். பனியில் பதிந்த குளம்படி, ஒடிந்த சிறு கிளைகள், புதரில் சிக்கிய கருமயிர் ஆகியவை அவருக்குப் போதும். ஆனால் சிறிய தலையும் கூரிய காதுகளும் பெரிய கண்களும் உடையது என்று சொன்னது எப்படி என்று சீடன் கேட்கும்போது, குதிரைக்கு அவை உண்டோ இல்லையோ, உண்டென்று துறவிகள் நம்புவார்கள் என்பது உறுதி என விடையளிக்கிறார். உயர்ந்த குதிரை எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களுடைய நூல்கள் முன்பே வகுத்து வைத்திருக்கின்றன அல்லவா? கண்ட தடயத்திலிருந்து ஊகிப்பதும் படித்த நூலிலிருந்து ஊகிப்பதும் இங்கே அருகருகே நிற்கின்றன. கட்டுரையாளர் 'அலங்காரம்' என்று ஒதுக்கிய இந்தக் காட்சியில்தான் நாவல் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பேன்.

ஏனென்றால், அதே வில்லியம் கொலைகளை ஆராயும்போது உலக முடிவைச் சொல்லும் விவிலியத்தின் திருவெளிப்பாட்டு நூலில் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும் எக்காளங்களை ஒட்டி ஒவ்வொரு சாவும் நிகழ்வதாக நம்பத் தொடங்குகிறார். ஆலங்கட்டி, இரத்தம், நீர் என்று வரிசை பொருந்திக்கொண்டே வருகிறது. இறுதியில் பார்வையற்ற முதியவர் ஹோர்ஹேவிடம் வந்தும் சேர்கிறார். ஆனால் அப்படி ஒரு வரிசையே இருந்ததில்லை. முதல் சாவு தற்கொலை. மருந்தறைத் துறவியைக் கொன்றது வேறொருவரின் பொறாமை. மற்றவற்றுள் மூன்று, நகைச்சுவையைப் பற்றிய அரிஸ்டாட்டிலின் நூற்பக்கங்களில் ஹோர்ஹே தடவிய நஞ்சால் வந்தவை. தவறான வழியில் நடந்து சரியான வாசலை அடைந்ததை வில்லியம் வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறார். இன்னும் கொடியது, இந்த வரிசையைக் கேள்விப்பட்ட ஹோர்ஹே, தன் செயலுக்குத் தெய்வத் திட்டமே துணை நிற்கிறது என்று நம்பிவிடுகிறார். தவறான விளக்கம் உலகத்துக்குள் புகுந்து வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. துப்பறியும் கதையின் இலக்கணத்தையே இப்படிக் கவிழ்த்தவரைத் துப்பறியும் கதாசிரியர் என்று சொல்லி முடித்துவிடலாமா?

முதல் நூறு பக்கங்கள் சோர்வூட்டுகின்றன என்ற குறை புதியதன்று. அவற்றைச் சுருக்கச் சொன்ன நண்பர்களுக்குத் தாம் இணங்காததைப் பின்னுரையில் எக்கோவே எழுதியிருக்கிறார். மடாலயத்துக்குள் நுழைகிறவர் அதன் நடைக்குத் தம்மைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம்; எனக்கு அது நியாயமாகவே படுகிறது. எல்லா நாவல்களுக்கும் இதே வாதத்தை நான் முன்வைக்க மாட்டேன். அவருடைய மற்றொரு நாவலான 'முந்தைய நாளின் தீவு' பல இடங்களில் கதையை மறந்துவிடுகிறது.

அவருடைய இரண்டாம் நாவலான 'ஃபூக்கோவின் ஊசல்' 1988இல் வந்தது. மிலான் பதிப்பகம் ஒன்றின் மூன்று பதிப்பாசிரியர்கள், சிலுவைப்போர்க் காலத்துத் துறவி வீரர்களான டெம்ப்ளர்களின் இரகசியத் திட்டம் என்று ஒருவர் கொண்டுவந்த பழைய தாளிலிருந்து உலக வரலாறு முழுவதையும் ஒரே சதியாகப் பின்னுகிறார்கள். அதே தாளை லியா என்ற பெண் படித்துவிட்டு, இது ஒரு வணிகரின் சரக்குப் பட்டியல், வைக்கோல் வண்டிக்கும் ரோஜாப்பூவுக்கும் எழுதிய கணக்கு என்கிறாள். இரண்டு ஆண்டுகள் கழித்துக் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரைகளில் எக்கோ சொன்னது இதையேதான். ஒரு பிரதிக்குச் சரியான பொருள் ஒன்றே என்று அவர் வாதிடவில்லை; ஆனால் சில வாசிப்புகள் நிச்சயமாகத் தவறானவை என்று சொல்ல முடியும் என்றார். தொடர் கொலைகாரன் ஒருவன், லூக்கா நற்செய்தியைப் படித்ததால்தான் கொன்றேன் என்று சொன்னால் அதையும் ஒரு வாசிப்பாக ஏற்பீர்களா என்று அவர் கேட்டதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். லியாவின் பட்டியலும் இந்தக் கேள்வியும் ஒரே மனிதர் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசியவை.

யூத வெறுப்பு ஆவணம் ஒன்று போலியாகத் தயாரிக்கப்பட்டதைக் கதையாக்கிய 'பிராகா கல்லறை' நாவல் வெறுப்பைப் பரப்பக்கூடும் என்ற கட்டுரையாளரின் அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. 2010இல் நாவல் வந்தபோது வத்திக்கான் நாளேடும் அதைக் குறைகூறியது. ஆனால் யூதர்கள் உலகை ஆளச் சதி செய்வதாகக் கூறும் அந்தப் போலி ஆவணமான 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்', மொரிஸ் ஜோலி 1864இல் வேறொரு நோக்கத்துக்காக எழுதிய நூலிலிருந்து திருடப்பட்டது என்பதை லண்டன் டைம்ஸ் 1921இலேயே அம்பலப்படுத்திவிட்டது; பிறகும் அதை நம்பினார்கள், அந்த நம்பிக்கை இனப்படுகொலைக்குத் துணைபோனது. மறுப்பு வெளியான பிறகும் ஒரு பொய் ஏன் உயிர் வாழ்கிறது என்பதைக் கட்டுரைகளில் பலமுறை எழுதிய எக்கோ, அந்தப் பொய் எந்த மேசையில், யாருடைய கூலிக்காக, எந்தெந்தத் தாளிலிருந்து ஒட்டப்பட்டது என்பதை நாவலில் நம் கண்முன் நடத்திக் காட்டினார். பத்து வயதில், முசோலினியின் புகழுக்காக உயிர் துறக்க வேண்டுமா என்ற தலைப்பில் கட்டுரை எழுதிப் பரிசு பெற்ற சிறுவன் அவர். 1995இல் பாசிசத்தின் பதினான்கு அடையாளங்களை எடுத்துரைத்தபோது, சதி பற்றிய தீராத அச்சத்தையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். இது படிப்பாளியின் பொழுதுபோக்கு என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநீதி.

எக்கோவை முதன்முறையாக அணுகுபவர்கள் 'ரோஜாவின் பெயர்' நாவலைத் தழுவி 1986இல் வந்த திரைப்படத்திலிருந்து தொடங்கலாம் என்று கட்டுரை பரிந்துரைக்கிறது. ஆனால் எக்கோவின் அந்த ஒரே கேள்வியை அறிய அது மட்டும் போதாது என்பது என் எண்ணம். தங்கள் இதழ் மீண்டும் அவரைப் பற்றி வெளியிடும்போது, 'ஃபூக்கோவின் ஊசல்' நாவலையும் அந்தக் கேம்பிரிட்ஜ் உரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசும் கட்டுரை ஒன்றைக் கேட்டு வாங்கி வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்,
திருநெல்வேலி